கப்பல் துரையின் கல்

"பிரஷ்ஷக் கீழ போடுறியா, இல்ல உன்னையத் தள்ளி விடவா?"

"ஒரு கல்லத் தேய்க்கிறதுக்கு ஏங்க்கா இந்த ஆட்டம் ஆடுற?"

"கல்லா? யாரப் பாத்துடா கல்லுங்குற? அந்த மனுசன் இல்லாட்டி நீ ஏதுடா, நான் ஏதுடா?"

"அவரத்தான் குளிப்பாட்டி விடப் போறேன். நூறு வருசத்து அழுக்கு."

"அழுக்கு இல்லடா அது. நாலு தலமொறையா நம்ம வீட்டு ஆளுக ஊத்துன எண்ணெய்!"

விறகு பொறுக்கப் போன சாக்கில் நான் அந்த மேட்டுக்குக் கீழே நின்றிருந்தேன். விறகு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. கற்பகம் கல்லறையை முதுகால் மறைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அவள் தம்பி வேல்முருகன் ஒரு கையில் கம்பி பிரஷ்ஷும் மறு கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலுமாக, கொள்ளி வைக்க வந்தவன் மாதிரி நின்றான். அவன் மகள் மௌனிகா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, ஒரே ஒரு போட்டோ அத்தே, அந்த அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எஸ்டேட் பூப்பாறைக்கும் உடும்பஞ்சோலைக்கும் நடுவில் இருக்கிறது. கற்பகமும் நானும் ஒரே லயத்தில், எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அவள் வீட்டில் குழம்பு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கற்பகத்துக்குப் பூனைக்கண். அவள் அம்மா சாந்தம்மாளுக்கும் அதுதான், சாந்தம்மாளின் அப்பா நல்லமுத்துவுக்கும் அதுதான். தம்பி மகள் மௌனிகா வரைக்கும் இறங்கியிருக்கிறது. நல்லமுத்துவின் அம்மா மயிலாத்தாள் பெருமாட்டி என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து, கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிவந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மலையில் முதல் நாற்று நட்ட கூட்டத்தில் ஒருத்தி. அந்தக் காலத்தில் இங்கே கப்பல் துரை என்று ஒரு வெள்ளைக்காரன் இருந்தானாம். கப்பலில் வேலை பார்த்தவன். மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக்கயிற்றில் தொங்கவிட்டு அடிவாரத்துக்கு இறக்க ஆள் வேண்டும் என்று கம்பெனி தேடியபோது, கயிறும் கப்பியும் தெரிந்தவன் என்று இவனைப் பிடித்து வந்தார்கள். அவன் பெட்டி இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்தான் என்பதற்கு நல்லமுத்துவின் கண்ணே சாட்சி.

ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே, போடிக்கு இறங்கும் மலைப்பாதை தெரிகிற பாறைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் கல்லறை மூன்று உண்டு. நடுவில் இருப்பதுதான் கப்பல் துரை என்று மயிலாத்தாள் மகனுக்குக் காட்டிக்கொடுத்தாள். அன்று பிடித்து வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அங்கே படையல். கல்லுக்கு நல்லெண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, ஓரத்தில் சுண்ணாம்பு அடித்து, ஒரு குவாட்டர் பிராந்தி, இரண்டு சுருட்டு, அவித்த முட்டை, கடல்காரன் என்பதால் கருவாடு. கருவாடு நெத்திலியாக இருந்தால் துரைக்குப் பிடிக்காது, சீலாத்தான் வேண்டும். இதெல்லாம் யார் துரையிடம் கேட்டுச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

கற்பகம் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆபீஸ் கிளார்க்கு மோகனசுந்தரம் மூன்று தடவை கடிதம் கொடுத்துவிட்டார். மகன் கோகுல்நாத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனும் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறான். இவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வாள். "எங்க ஆளு மேல கெடக்காரு. இந்த மலையில எங்களுக்குன்னு இருக்குறது அந்த ஆறடி. அத விட்டுட்டு எங்க வரச் சொல்ற?"

கேட்க எடுப்பாகத்தான் இருக்கும். நூற்றிருபது வருஷம் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு இந்த மலையில் ஒரு செண்டு பட்டா கிடையாது. இருப்பது கல்லறை ஒன்று. எனக்குக்கூட அவள்மேல் கொஞ்சம் பொறாமை. எங்கள் ஆட்கள் இந்த மலையில் எங்கே புதைந்தார்கள் என்று சொல்வதற்குக்கூட என்னிடம் ஒரு கல் இல்லை.

போன தீபாவளிக்குக் கோயமுத்தூரில் வேலை பார்க்கிற மௌனிகா அத்தைக்குச் சேலை எடுத்து வராமல் ஒரு குழாய் வாங்கி வந்தாள். அதில் எச்சில் துப்பி அனுப்பினால் நம் பாட்டன் பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று எழுதி வருமாம். இந்த மலையில் யாருக்கு யார் பாட்டன் என்று என்னிடம் கேட்டிருந்தால் ஒரு காப்பிக்குச் சொல்லியிருப்பேன். குழாய்க்கு இரண்டு மாதம் பிடித்தது. கற்பகத்திடம் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளைக்கார ரத்தம் இருக்கிறது என்று வந்தது. இதுவரை எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்றும் வந்தது. வேல்ஸ் என்ற நாட்டிலிருந்து எழுபத்தாறு வயது நெரிஸ் என்கிற அம்மாள், "நீங்கள் எனக்குச் சொந்தம் என்று காட்டுகிறதே, நீங்கள் யார்?" என்று எழுதியிருந்தாள்.

வேல்ஸ் இங்கிலாந்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற தனி நாடாம். இங்கிலீஷ்காரி என்று சொன்னால் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிடுமாம். திருவனந்தபுரத்து ஆபீஸில் போய் நின்றால் நம்மையும் மலையாளி என்று எழுதிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி என்று மௌனிகா சொன்னாள். அந்த அம்மாளின் ஊர் கடலோரம். பெயரைச் சொல்ல எனக்குப் பல் போதாது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மாலுமி. சின்னப் பாய்க்கப்பலில் கூரை ஓட்டுக்கல் ஏற்றிக்கொண்டு உலகத்தையே சுற்றியவர்கள். அவர்களில் ஒருவன் ஈவன் ப்ரைஸ், நெரிஸ் அம்மாளுடைய தாத்தாவின் அண்ணன். நம் பக்கத்து மலை ஒன்றில் கொஞ்ச காலம் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவன் என்று அவர்கள் வீட்டில் பேச்சு உண்டாம். அவன் பெயர் அவர்கள் கோயில் சுவரில் ஒரு கல்லில் இருக்கிறது. கடலில் மறைந்தவன் என்று போட்டிருக்கிறார்கள். கீழே உடம்பு கிடையாது.

அப்படிப்பட்டவளிடம் மௌனிகா, "இல்லையே, அவர் இங்கேதான் இருக்கிறார், நாங்கள் வருஷா வருஷம் கும்பிடுகிறோம்" என்று எழுதிவிட்டாள். அந்த அம்மாள் அழுதாளாம். கல்லில் எழுதியிருப்பதை ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கல்லில் எழுத்து எங்கே இருக்கிறது? தோசைக்கல்லின் அடிப்பாகம் மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் சுண்ணாம்பு, மறுபடி எண்ணெய். அதற்குள் எழுத்து இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. கும்பிடுகிற கல்லில் படிக்க என்ன இருக்கிறது?

அதற்குத்தான் அந்த பிரஷ். அன்றைக்கு வேல்முருகன் தோற்றுப்போய் இறங்கினான். இறங்கும்போது என்னைப் பார்த்து, "என்னா மதினி, விறகு நெறையக் கெடச்சுதா?" என்று கேட்டான். வெட்கங்கெட்டவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் கைப்பேசியில் முகம் காட்டினாள். சுவருக்கு மேலே காதை மட்டும் அனுப்ப முடியாது என்பதால் நான் ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டுக்கொண்டு நேராக உள்ளேயே போய்விட்டேன். வெள்ளை முடி, கம்பளிச் சட்டை, நம்ம வேதமுத்து டீக்கடையில் தொங்குகிற அளவுக்குப் பெரிய கடிகாரம் பின்னால். மௌனிகா மொழிபெயர்த்தாள்.

அந்த அம்மாள் எங்கள் படையலைப் பற்றிக் கேட்டாள். மௌனிகா ஒன்றொன்றாகச் சொன்னாள். பிராந்தி என்றதும் அங்கே முகம் மாறியது.

"அவங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்களாம் அத்தே. கோயில்ல கையெழுத்துப் போட்டுச் சத்தியம் பண்ணுனவங்களாம். இவரு பதினாறு வயசுலயே போட்டாராம். பொகையிலயும் கிடையாதாம்."

கற்பகம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப வருசா வருசம் வச்ச குவாட்டரு காலியாகிக் கெடந்துச்சே. யார்ரா குடிச்சது?"

"காத்துல ஆவியாகும்க்கா" என்றான் வேல்முருகன்.

"சுருட்டுமா ஆவியாகும்?" என்று நான் கேட்டேன். என்னை யாரும் பேச அழைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் அந்த அம்மாள் கைப்பேசிக்கே ஒரு பழைய படத்தை அனுப்பிக் காட்டினாள். மாலுமித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இருபது வயதுப் பையன். கறுப்பு வெள்ளை. எதிரே பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கிறான். வேல்முருகனுக்குக் காதுமடல் மேலே கூம்பி, சற்று வெளியே தள்ளி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பிடித்து இழுத்தே அவனைப் படிக்கவிடாமல் செய்தார்கள். அந்தக் காது அந்தப் பையனிடம் இருந்தது. சாந்தம்மாளின் உதடும் இருந்தது, ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று மூடிக்கொண்ட மாதிரி.

கற்பகம் கைப்பேசியை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். படத்துக்கு நேரே விரலை வைத்தாள். விரல் பட்டதும் படம் சுருங்கி அந்த அம்மாளின் சமையலறை வந்தது. பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

"எங்கம்மா இதப் பாக்காமப் போயிட்டாளே" என்றாள். "ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூடக் கேட்டா மதினி, எங்க தாத்தன் எப்படிடி இருந்திருப்பான்னு. நான் எதச் சொல்லுவேன்? கண்ணாடிய எடுத்துக் காட்டுனேன்."

பிறகு அவளாகவே சொன்னாள். "நாளைக்குக் கல்லக் கழுவுவம். அவுக மொகத்தக் குடுத்துட்டாக. நம்ம ஒரு பேராச்சும் குடுக்க வேணாமா?"

கம்பி பிரஷ்ஷை அவள் கிட்டே விடவில்லை. குடத்தில் வெந்நீரும் சீயக்காயும் தேங்காய் நாரும் கொண்டுவரச் சொன்னாள். ஊரில் பாதி மேட்டில் கூடிவிட்டது. நான் முன்வரிசை. பச்சைப்பிள்ளைக்குக் கண்ணில் நுரை படாமல் தலை தேய்க்கிற மாதிரி அவள் கல்லின் நெற்றியிலிருந்து தேய்த்தாள். கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது, பிறகு மஞ்சளாக, பிறகு வெள்ளையாக, மறுபடி கறுப்பாக. வருஷம் வருஷமாக உரிந்தது. சாந்தம்மாள் ஊற்றியது, அதற்கு முன் நல்லமுத்து ஊற்றியது, அதற்கும் முன் மயிலாத்தாள் ஊற்றியது. ஒன்றரை மணி நேரம். மூன்று குடம் தண்ணீர் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். யாரும் நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காக இல்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கடைசியில் எழுத்து வந்தது. மௌனிகா குனிந்து படித்தாள். படித்துவிட்டு நிமிரவில்லை.

"என்னாடி, வாயில என்ன?"

"அத்தே... இதுல ஆக்னஸ்னு இருக்கு."

"அது அவரு வீட்டுப் பேரா இருக்கும்."

"பொம்பளப் பேரு அத்தே. சூப்பரிண்டு துரையோட சம்சாரம். இருவத்தாறு வயசு. கூட ஒரு கைக்கொழந்தை, பேரு வைக்கல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு."

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். நானாக இருக்கலாம். பிரசவத்தில் செத்த ஒரு பெண்பிள்ளைக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிராந்தியும் சுருட்டும் சீலாக்கருவாடும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வேல்முருகன் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்துக் கல்லறைகள் இரண்டையும் பார்த்தார்கள். அவற்றில் எண்ணெய் இல்லை, எழுத்துப் பளிச்சென்று இருந்தது. இரண்டும் வேறு துரைகள். கப்பல் துரை எங்கேயும் இல்லை.

பிறகு கற்பகத்தைப் பார்த்தேன். நனைந்த தேங்காய் நாரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுந்து தன் சேலைத் தலைப்பால் அந்தக் கல்லை ஈரம் போகத் துடைத்தாள். யாரோ ஒருத்தியின் கல் என்று தெரிந்த பிறகும் துடைத்தாள்.

ஒன்பது நாள் அவள் வீட்டில் தாளிப்புச் சத்தம் இல்லை. கஞ்சி மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் இரண்டு தடவை குழம்பு கொண்டுபோய் வைத்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கூட ஒரு வார்த்தை வரவில்லை. என் வீட்டுக்காரர் சூசையப்பன், "உனக்குப் பொழுது போகலையா?" என்றார். போகவில்லைதான்.

நெரிஸ் அம்மாளுக்கு மௌனிகா உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் விடவில்லை. அங்கே பழைய கப்பல்களில் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் எல்லாம் பத்திரமாக இருக்கிறதாம். தேடி எடுத்தாள். ஈவன் ப்ரைஸ் 1912 மாசி மாதம் தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கப்பலில் கையெழுத்துப் போட்டு ஏறியிருக்கிறான். ஊருக்குப் போய்ச் சேர ஒரு வாரம் இருக்கும்போது அந்தக் கப்பல் புயலில் போய்விட்டது. அவர்கள் கோயில் கல் சொன்னது சரி. எங்கள் கல்தான் பொய்.

நல்லமுத்து பிறந்தது 1912 ஆவணி.

ஒரு கடிதமும் இருந்தது. மலையிலிருந்து அவன் தன் அம்மாவுக்கு எழுதியது. மௌனிகா தமிழில் சொன்னதை நான் அப்படியே தருகிறேன். "இங்கே மழை நிற்பதே இல்லை, அம்மா. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டு வாசல் கடல் என்று நினைத்துக்கொள்கிறேன். இனி என்னால் முடியாது. வந்துவிடுகிறேன்." அவ்வளவுதான். மயிலாத்தாள் என்று ஒரு வார்த்தை? கிடையாது. கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் வெற்றிலையைத் துப்பினேன்.

கற்பகம் ஆத்திரப்படவில்லை. மறுநாள் குழாயடியில் என் குடத்துக்கு அடுத்ததாக அவள் குடத்தை வைத்தாள். பத்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"மயிலாத்தாளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், மதினி?"

"எது?"

"அந்த வெள்ளக்காரம்மா செத்தப்ப மயிலாத்தா இங்கதான கொழுந்து பறிச்சா? குழி வெட்டுறதப் பாத்திருப்பா. மண்ணு அள்ளிப் போட்டிருப்பா. அது யாரு கல்லுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுமா அதக் காட்டி ஒங்கப்பன்னு சொன்னா?"

"போயிட்டான்னு சொன்னா அந்தப் பய சாகுற வரைக்கும் பாதையப் பாத்துக்கிட்டே நிப்பான். செத்துட்டான்னு சொன்னா ஒரு எடத்துல உக்காந்து அழுதுட்டு எந்திரிச்சுருவான்ல?" குடம் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. "அவ மட்டும் பாதையப் பாத்துருக்கா. அந்தக் கல்லுல உக்காந்தாத்தான் போடிக்கு எறங்குற பாத முச்சூடும் தெரியும். மத்த ரெண்டு கல்லுலயும் தெரியாது. எண்ணெய் ஊத்துற சாக்குல அங்க போய் உக்காந்துருக்கா."

நான் நாற்பது வருஷத்தில் அந்த மேட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன். பாதை தெரிகிறது என்பது தெரியும். இது தோன்றவில்லை.

"அவளுக்குப் பெறகு தாத்தன், அம்மா, நான். எல்லாருமா சேந்து அவ காத்திருந்ததக் காத்துருக்கோம்" என்றாள் கற்பகம். "எனக்கு அந்த ஆறடி இருக்குன்னு நெனச்சேன் மதினி. அதுவும் அந்தப் பிள்ளத்தாச்சியோடது."

"அதுக்கு இப்ப என்னாங்குற?"

"அவகிட்டயே குடுத்துட்டுப் போறேங்குறேன்."

நான் ஏதோ சமாதானமாகச் சொல்லப்பார்த்தேன். எனக்குச் சமாதானம் பேசிப் பழக்கமில்லை. "நீ போயிட்டா நான் யார்கிட்டச் சர்க்கர கேப்பேன்?" என்றுதான் வந்தது. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீ கேட்டதெல்லாம் சர்க்கரைக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குப் படையல் வைக்கவில்லை. மோகனசுந்தரத்திடம் அவளே போய், தையில் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். கிளார்க்குக்கு நம்பிக்கை வரவில்லை. "நெஜமாவா? அப்ப மேல இருக்குறவரு?" என்று கேட்டாராம். "அது ஆளு மாறிப்போச்சு சார்" என்றாளாம்.

போகும் முன் ஒன்றே ஒன்று மட்டும் மகனிடம் கேட்டாள். அறுபத்துமூன்று வயது வரைக்கும் அவள் கடலைப் பார்த்ததில்லை. கோகுல்நாத் வேன் பிடித்து வந்து சாமான்களைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, அம்மாவைப் பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனான். அவன் பிறகு எனக்குச் சொன்னது இது. துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் பக்கத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டே வெகுநேரம் இருந்தாளாம். தூங்கிவிட்டாளோ என்று அவன் தொட்டபோது, "சரியாத்தான்டா எழுதிருக்கான். தகரத்துல மழ பெய்யிற சத்தந்தான்" என்றாளாம். அந்த மனுஷனைத் திட்டினாளா, மன்னித்தாளா என்று நான் துருவிக் கேட்டேன். பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆண்பிள்ளைகளை எதையும் பார்த்துவர அனுப்பக் கூடாது.

இப்போது கற்பகம் திருப்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அங்கே மழையும் இல்லை, தகரமும் இல்லை. லயத்தில் அவள் இருந்த வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. நன்றாகச் சண்டை போடுகிறார்கள், எனக்கு ஒரு சொல் புரிவதில்லை. மௌனிகாவுக்குக் கோவிந்தாபுரத்தில் சிவப்பிரகாஷ் என்கிற பையனோடு கல்யாணம் ஆயிற்று, நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு கண்ணு ஏனுங்க இப்படி இருக்குது?" என்று கேட்டபோது, எல்லாருக்கும் முன்னால் கற்பகம்தான் எழுந்து, "எங்க பூட்டன் கப்பல்காரருங்க, கடல்ல போயிட்டாரு" என்று பதில் சொன்னாள். வேல்முருகன் போடிக்கு இறங்கி ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நெரிஸ் அம்மாளும் போன மாதம் அந்தக் கடலோர வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஏதோ பெரிய நகரத்துக்குக் குடிபோனாளாம். கல்யாணத்தில் மௌனிகா சொன்னாள். அங்கிருந்து அவள் ஊர்க் கடலுக்கு நாலு மணி நேரம் ஆகுமாம்.